வேறொரு மலையில் தேடும் மகனுக்கு

எய்யா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ சாத்தாராவில் அந்த லாட்ஜ் மாடியில் ஈரச் சாக்ஸைக் கயிற்றில் போட்டுவிட்டு, மழை எப்போது விடும் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாய். மெதுவாகப் படி. உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். நாலாம் வகுப்போடு உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியவள் நான்தானே, அதனால் எழுத்தைப் பெரிதாகவும் இடம்விட்டும் எழுதுகிறேன். புரியவில்லை என்று யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. முதலில் நீ மட்டும் படி. பிறகு ஊருக்கே காட்டு. காட்ட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மழைக்காலமாக நீ தேடுகிற செடி அங்கே இல்லை. அது அங்கே ஒருநாளும் இருந்ததில்லை. அதை எடுத்தது இங்கே, செம்பூருக்கு அந்தப் பக்கத்து மலையில். லேபிளை மாற்றி ஒட்டியவள் நான். ஒட்டிய சில நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இந்த நாலு வரியை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று, மீதியை ஒரே மூச்சில் எழுதிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உன் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது அடிபட்டுப் போய்ச் சேர்ந்தபோது உனக்கு ஐந்து வயது. அப்போது நாம் தாராவியில் இருந்தோம். மாட்டுங்கா வீடுகளில் புடவைக்கு ஃபால் தைத்துக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நம் சந்துக்குப் பின்னால் குடியிருந்த பாண்டுவை உனக்கு ஞாபகம் இருக்கும், தாவர ஆராய்ச்சித் தோட்டத்துக்காகக் காடுமேடெல்லாம் அலைந்து செடி பிடுங்கி வருகிற மராட்டிக்காரன். அவன்தான் அந்தத் தோட்டத்தை நடத்துகிற, செடி படித்த டாக்டரிடம் போய், ஒரு மதராஸி அம்மா இருக்கிறாள், அவள் போடுகிற தையல் கண்ணுக்குத் தெரியாது என்று சொன்னானாம். டாக்டர் ஒரு காய்ந்த புல்லைக் கொடுத்து, உடையாமல் காகிதத்தில் தைத்துக் காட்டு என்றார். தைத்தேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, நாளை முதல் வா பாயி என்றார், பெண்பிள்ளைகளை இங்கே அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் என் பெயர் பாயிதான்.

நீ அந்த அறையை ஹெர்பேரியம் என்கிறாய். உனக்கு அது படிப்பு. எனக்கு அது ஊசியும் நூலும் பசைக் கிண்ணமும் பூச்சிமருந்து நெடியும். பாண்டு கொண்டுவரும் செடிகளைப் பழைய செய்தித்தாளுக்குள் விரித்துவைத்து, பலகைக்கு நடுவே இறுக்கிக் காயவைப்பார்கள். காய்ந்த பிறகு கட்டு என்னிடம் வரும். ஒவ்வொரு செடியின் தண்டிலும் நம்பர் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். அந்த நம்பருக்கு உரிய லேபிளை, எந்த மலை, எந்த நாள், எடுத்தவர் யார் என்று குமாஸ்தா டைப் அடித்து வைத்திருப்பார். நான் செடியைக் கனத்த ஷீட்டில் தைத்து, மூலையில் லேபிளை ஒட்ட வேண்டும். டாக்டர் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார். ஒரு செடியை முடித்து லேபிள் ஒட்டும்வரை அடுத்த காகிதத்தைத் திறக்கக்கூடாது. இந்தச் சட்டத்தை நான் மூன்று வருஷம் மீறவில்லை. மீறியது ஒருநாள்.

அந்த வாரம் பாண்டு இரண்டு இடம் போய்வந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் பிள்ளைகளோடு செம்பூர் மலை, இரண்டு நாள் கழித்து டாக்டரோடு சாத்தாரா. இரண்டு கட்டும் காய்ந்து ஒரே நாளில் என் மேசைக்கு வந்தன. அன்றைக்கு உனக்குத் தட்டம்மை. பக்கத்து வீட்டு செல்லம்மா மத்தியானம்வரைதான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தாள். சீக்கிரம் கிளம்பினால்தான் டிராம் கூட்டத்துக்கு முன்னால் வீடு வந்து சேர முடியும். இரண்டு செடியையும் சேர்த்துத் திறந்தேன், பசை ஒரே நேரத்தில் காயட்டும் என்று. இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருந்தன. கடலைப் பருப்பளவு கிழங்கு, தரையோடு கிடக்கிற இரண்டு இலை, ஒரு காம்பில் வெள்ளைப் பூ. ஒன்றின் இலைக்கு அடியில் மட்டும் விரலில் படுகிற மெல்லிய முடி இருந்தது. தைக்கும்போது தொந்தரவாக இருக்கிறது என்று நம்பர் சீட்டு இரண்டையும் வெட்டி ஓரமாக வைத்தேன். தைத்து, ஒட்டி, அழுத்திவைத்துவிட்டு ஓடிவந்தேன். நீ அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரம் மொட்டைமாடியில் பழைய தாள்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தேன், திரும்பவும் உபயோகிக்க வேண்டும் அல்லவா. அதில் ஒரு தமிழ்ப் பேப்பர். மாட்டுங்கா வீட்டிலிருந்து நான் கேட்டு வாங்கிவந்து பாண்டுவிடம் கொடுத்த கட்டிலுள்ளது. அதை அவன் கொண்டுபோனது செம்பூருக்கு மட்டும்தான், சாத்தாராவுக்கு டாக்டர் வீட்டு மராட்டிப் பேப்பர் போனது. அந்தத் தமிழ்த் தாளில் செடியின் சாறு இறங்கிப் பழுப்பாக ஒரு அச்சு. கிழங்கு, இரண்டு இலை, காம்பு எல்லாம் அப்படியே. தாளை மடித்துக் கீழே கொண்டுபோய் ஷீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடி உள்ள செடி இம்மி பிசகாமல் பொருந்தியது. அதன் மூலையில் சாத்தாரா என்று லேபிள். மற்றதில் செம்பூர் என்று இருந்தது.

அப்போதே டாக்டர் அறைக்குப் போயிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். போகவில்லை. என்னை நிரந்தரமாக்குகிற காகிதம் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. சட்டத்தை மீறினேன் என்று நானே போய்ச் சொன்னால் அந்தக் காகிதம் திரும்பிவந்துவிடும் என்று பயந்தேன். இரண்டு காட்டுச் செடி, எந்த மலையாக இருந்தால் யாருக்கு என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன். அந்த அடுப்பில்தான் உனக்குக் கஞ்சி வைத்தேன்.

அதே வருஷம் நீ கணக்குப் பரீட்சையில் வாங்கிய மூன்றை எட்டாக்கி என்னிடம் காட்டினாய். நான் அடித்த அடி உனக்கு மறந்திருக்காது. பொய் சொல்கிற கையை ஒடிப்பேன் என்று கத்தி, இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. செல்லம்மா வந்து, பச்சப்பிள்ளைய இப்படியா அடிப்பிய என்று சண்டை பிடித்தாள். உன்னை அடித்தது நீ செய்த தப்புக்கு மட்டும் இல்லை எய்யா. என் மேல் எனக்கு இருந்த ஆத்திரமும் சேர்ந்து உன் முதுகில் விழுந்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். இப்போது கேட்கிறேன்.

ஆறு வருஷம் எல்லாம் அமைதியாகப் போயிற்று. நாமும் வடாலாவில் ஓர் அறைக்கு வந்துவிட்டோம். அப்புறம் வெளியூரிலிருந்து ஒரு பெரிய படிப்பாளி வந்து பீரோ பீரோவாகத் திறந்து பார்த்தார். அந்த முடி உள்ள செடியில் வந்து நின்றுவிட்டார். இதை உலகத்தில் யாரும் இதுவரை எழுதிவைத்ததில்லை என்றார். டாக்டர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு என் நாக்கில் ஏறாத ஒரு பெயர் வைத்தார்கள், புத்தகத்தில் அச்சடித்தார்கள். இருப்பிடம் சாத்தாராவுக்கு மேலே உள்ள பாறைமேடு என்று போட்டார்கள். டாக்டர் எல்லோருக்கும் பேடா வாங்கிக் கொடுத்தார். எனக்கும் ஒன்று வந்தது. தின்றேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். முதலில் சிறியதாக இருந்த தப்பு, சொல்லாமல் வைத்திருந்ததால் பெரியதாகி அச்சுக்குப் போய்விட்டது. இனி என் ஒருத்தி தப்பு மட்டும் அல்ல, டாக்டர் மானமும் சேர்ந்துகொண்டது என்று பயம். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. காரணம் தேடுகிறவளுக்கு அது கிடைக்காமல் போவதில்லை.

நீ எம்.எஸ்ஸி. முடித்து அதே தோட்டத்தில் ரிசர்ச் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயியின் மகன் டாக்டர் அறையில் நாற்காலியில் உட்காருகிறான் என்று தோட்டக்காரர்கள் எல்லாம் பேசினார்கள். அழிந்துபோகிற செடி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, தோட்டத்தில் வளர்த்துக் காப்பாற்ற வேண்டும், அதுதான் உன் வேலை என்று சொன்னாய். எந்தச் செடி என்று கேட்டேன். "நீ தச்ச செடிம்மா. உன் கையால தச்சது, அதான் எடுத்தேன்" என்றாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, பித்தம் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

மூன்று மழையாகப் போகிறாய். முதல் வருஷம் கணுக்கால் பிசகி வந்தாய், போன வருஷம் பத்து நாள் ஜுரம். ஒரு பெண்ணைப் பார்க்கலாமா என்றால், செடி கிடைக்கட்டும் அம்மா என்கிறாய், ஏதோ அந்தச் செடிதான் வந்து தாலி எடுத்துக் கொடுக்கப்போகிற மாதிரி. இந்தத் தடவை கிளம்புவதற்கு முன்னால் டைப் அடித்த தாள்களைக் காட்டி, இந்த மழையிலும் கிடைக்காவிட்டால் இது உலகத்திலிருந்தே போய்விட்டது என்று எழுதி அனுப்பிவிடுவேன் என்று சொன்னாய். யாரோ செத்ததைச் சொல்வதுபோலச் சொன்னாய். உன்னை ரயிலேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். உயிரோடு இருக்கிற ஒன்றுக்கு என் மகன் கையால் சாவு எழுதவிடுகிறேனே என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

போன புதன்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்து செம்பூருக்குப் போனேன். பாண்டு செத்து ஐந்து வருஷமாகிறது, இடத்தைச் சொல்ல ஆளில்லை. அவன் அப்போது சொன்னதில் ஒரு பெரிய பாறையும் அதற்குக் கீழே ஒரு ஊற்றும் மட்டும் நினைவிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் மலையில் பாதியைக் காணோம். எங்கே பார்த்தாலும் புது வீடுகள், ரோடு போடுகிறார்கள், அதற்கெல்லாம் கல் வேண்டும். குவாரிக்கு வாட்ச்மேனாக இருந்த பெரியவர் நம் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். என் பேச்சைக் கேட்டதும் ஊர் எது என்று விசாரித்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். ஒரு புல்லுக்காகவா என்று அவருக்குச் சிரிப்பு.

"மேக்க உள்ள சரிவுதான் மிச்சம் கெடக்கு, தாயி. கணபதி பண்டிகைக்கு எல்லாவனும் லீவுல போறான். அது முடிஞ்சதும் அங்கயும் வெடி வச்சிருவாவ" என்றார்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினேன். வழுக்கல். இரண்டு தடவை உட்கார்ந்தே நகர்ந்தேன், யாராவது பார்த்தால் பைத்தியக்காரி என்பார்கள். ஊற்று கண்ணில் படவில்லை. ஒரு பாறை இடுக்கில், கொஞ்சம் மண் தங்கிய இடத்தில், தரையோடு தரையாக இரண்டு இரண்டு இலை, நாலைந்து இடத்தில். குனிந்து விரலை அடியில் கொடுத்துப் பார்த்தேன். முடி இருந்தது. பூ இல்லை. அதுதான் என்று நான் சொல்லமாட்டேன், எய்யா. பூ வராமல் சொல்லக்கூடாது என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். பிடுங்கிக்கொண்டு வரலாம் என்று கை போனது, அடக்கிக்கொண்டேன். அந்தக் கிழங்கை எப்படி எடுக்க வேண்டும், எந்த மண்ணில் வைக்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். எனக்குச் செத்த செடியைத்தான் கையாளத் தெரியும்.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போய் எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷீட்டை எடுத்துவரச் சொன்னார், பார்த்தார். ஆதாரம் என்ன என்று கேட்டார். தாளை எரித்துவிட்டேன் என்றேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தீபாவளியோடு ரிடையர் ஆகிறார், அவரும் களைத்துப்போயிருக்கிறார்.

"ரெஹ்னே தோ, பாயி" என்றார். விட்டுவிடச் சொன்னார். உன் மகன் செடி இல்லை என்று எழுதப்போகிறான், இல்லாத செடியைப் பற்றி யாரும் வந்து கேட்கமாட்டார்கள், எனக்கும் உனக்கும் அவனுக்கும் அதுதான் நல்லது என்றார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. பதினாறு வருஷமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டதைத்தான் அவரும் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்குப் பாரம் இறங்கினாற்போல இருந்தது. சொல்லியாயிற்று, பெரியவர் வேண்டாம் என்றுவிட்டார், இனி என் பொறுப்பில்லை என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். கை கழுவும்போது விரல் நுனியைப் பார்த்தேன். அந்த இலை பட்ட விரல். திரும்பவும் அதே இடத்தில் வந்து நிற்கிறேன் என்று உறைத்தது. பாத்திரத்தைக்கூட எடுத்துவைக்காமல் தாளும் பேனாவும் தேடினேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் தாய் என்பதால் இரண்டொன்று சொல்கிறேன். லேபிளில் இருப்பதை நம்பி ஒரு மலையில் ஏறுவதற்கு முன்னால், அந்த ஷீட் யார் யார் கை மாறி வந்தது என்று விசாரி. டாக்டரைக் கேட்டாய், புத்தகத்தைக் கேட்டாய், அந்த வாரம் என்ன நடந்தது என்று பசை தடவினவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் என் முகத்தில் தெரிந்திருக்கும். இன்னொன்று, தப்பு நடந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. வேலை போகும் என்றாலும் சொல். எனக்குப் போகாமல் நின்ற வேலை உன்னை மூன்று மழையில் நனையவிட்டிருக்கிறது.

உன்னை எனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும் உன் மனசு என்னைக் காப்பாற்றத்தான் வழி பார்க்கும். செம்பூருக்குப் போவாய், செடி கிடைத்தால் இங்கேயும் ஒன்று இருக்கிறது என்று புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதுவாய், சாத்தாரா லேபிளைத் தொடாமல் விட்டுவிடுவாய். அம்மாவுக்கு ரிடையர் ஆக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது என்று கணக்குப் போடுவாய். அதைச் செய்யாதே. அப்படிச் செய்தால் இன்னொரு பையன் உன் மாதிரியே அந்தப் பாறைமேட்டில் காலை உடைத்துக்கொள்வான். நான் செய்ததை நீயும் செய்வாய், எனக்காகச் செய்வாய். அதைத் தாங்க எனக்கு வயதில்லை. வேலை போனால் போகட்டும், ஃபால் தைக்க இந்தக் கைக்கு இன்னும் தெரியும்.

கடிதம் கண்டதும் மூட்டையைக் கட்டு. கணபதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. தபாலுக்கு இரண்டு நாள் போனாலும் நீ வந்து சரிவில் ஏறிப் பார்க்க நேரம் இருக்கும். வாட்ச்மேனுக்கு என் பெயர் தெரியாது, சங்கரன்கோவில் அம்மா என்று சொன்னால் வழி விடுவார். பூத்திருந்தால் எடு. பூக்கவில்லை என்றாலும் மண்ணோடு எடுத்துவந்து தோட்டத்தில் வை, பூக்கும்வரை காத்திருந்து பார். அதுவாக இல்லாமலும் போகலாம், எய்யா. வெடி வைத்த பாதியோடு போயிருக்கலாம். அப்படியானால் அது போனது என் மௌனத்தால் என்று தெரிந்துகொண்டு மீதி நாளைக் கழிப்பேன்.

எது எப்படியானாலும் ஒன்று செய்ய வேண்டும். தப்பான லேபிளைக் கிழிக்கக்கூடாது என்பது அந்த அறையின் வழக்கம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழையது அப்படியே இருக்க, அதற்குப் பக்கத்தில் சின்னச் சீட்டு ஒட்டி, எது தப்பு, யார் திருத்தியது என்று எழுதுவீர்கள். டாக்டர் எழுதமாட்டார். நீ எழுது. செடியை எடுத்தவன் பெயர், பெயர் வைத்தவர்கள் பெயர், மலையின் பெயர் எல்லாம் ஷீட்டில் இருக்கும். பத்தொன்பது வருஷம் தைத்திருக்கிறேன், ஒரு ஷீட்டில்கூடத் தைத்தவள் பெயர் கிடையாது. உன் சர்டிபிகேட்டிலும் அப்பா பெயர்தான். இந்தச் சீட்டில் என் பெயரை எழுது. பாயி என்று எழுதாதே, முழுப் பெயரையும் எழுது. தெரிந்தே மறைத்தவர் இவர் என்று எழுது. எழுதிவிட்டு, அதற்குக் கீழே உன் கையெழுத்தைப் போடு.

அம்மா